மிஷன் காம்பவுண்டில் ஓய்வு: யாழ்ப்பாணமா, தான்சேனா, பெராமிகோவா?

பெங்களூரில் வேலை பார்ப்பவருக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கும் லீவு பெரும்பாலும் ஐந்து வேலைநாள்தான். முன்னும் பின்னும் சனி ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது நாள். வெளிநாட்டில் ஒரு கிராமத்து மிஷன் வளாகத்துக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று சிவாஜிநகர், லிங்கராஜபுரம் பக்கத்துச் சபைகளில் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வருவது படம்: மலை, பழைய கல் கோயில், மணிக்கூண்டு. முதலில் வரவேண்டியது கணக்கு. ஒன்பதில் எத்தனை நாள் வண்டியில் போகும்? போய்ச் சேரும் இடம் விருந்தினரை எதிர்பார்க்கும் இடமா, அல்லது நோயாளிகளோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் மூச்சுவிட நேரமில்லாத இடமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாகவே வந்துவிடும்.

மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய அமெரிக்க மிஷன் ஊர்கள். நேபாளத்தில் பால்பா மாவட்டத்துத் தான்சேன் மிஷன் மருத்துவமனை. தான்சானியாவின் தெற்கில், சொங்கேயா அருகே பெராமிகோவில், பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம். மூன்றும் நகரத்தை விட்டு விலகியவை, மூன்றுக்கும் நீண்ட மிஷன் வரலாறு உண்டு. ஆனால் மூன்றும் தரும் ஓய்வு ஒரே வகையானது இல்லை.

முதலில் பயணக் கணக்கு.

யாழ்ப்பாணத்துக்கு எளிதான வழி சென்னை. முந்தைய நாள் மாலையே சென்னை போய்ப் படுத்துவிட்டு மறுநாள் யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்கு விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம்தான். பலாலியிலிருந்து மானிப்பாயோ உடுவிலோ காரில் ஒரு மணி நேரத்துக்குள். இந்தத் தடத்தில் ஓடுவது சிறிய விமானம் என்பதால் பெட்டி எடை வரம்பு குறைவு; பெங்களூரிலிருந்து வரும் விமானத்தின் வரம்பை நம்பிப் பெட்டி கட்டினால் சென்னையில் கூடுதல் கட்டணம் கட்ட நேரும். பெங்களூரிலிருந்து நேராகக் கொழும்பு இறங்கி, இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே போவது இன்னொரு வழி. டிக்கெட் சில சமயம் மலிவாக இருக்கும், ஆனால் ஒரு இரவுத் தூக்கம் போய்விடும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் வடகிழக்குப் பருவத்தில் அது நிற்கும், மற்ற மாதங்களிலும் அட்டவணை மாறும். லீவு நாள் கட்டாயம் உள்ளவர் திரும்பும் பயணத்துக்குக் கப்பலை நம்ப வேண்டாம். ஒன்பது நாளில் ஏழு நாள் முழுதாகக் கையில் நிற்கும்.

தான்சேனுக்கு இரண்டு பாதை. ஒன்று, கோரக்பூர் வரை விமானம், அங்கிருந்து சாலையில் ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில் சுனௌலி எல்லை, பைரஹவாவில் இரவு. மறுநாள் புட்வல் வழியாக மலையேறினால் மதியத்துக்குள் தான்சேன். மற்றொன்று, காத்மாண்டு போய் உள்நாட்டு விமானத்தில் பைரஹவா. இரண்டாவது சுலபம்போலத் தெரியும். காலைப் பனியில் உள்நாட்டு விமானங்கள் தாமதமானால் காத்மாண்டுவிலேயே ஒரு நாள் கரையும். எப்படிப் பார்த்தாலும் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். மிச்சம் ஆறு.

பெராமிகோவுக்கு ஒன்பது நாள் லீவில் போகவே கூடாது. மும்பை வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ தார் எஸ் சலாம், அங்கே ஓர் இரவு, பிறகு சொங்கேயாவுக்கு உள்நாட்டு விமானம். அந்த விமானம் நீங்கள் இறங்கும் நாளுக்கு ஒத்துவராவிட்டால் 900 கி.மீ.க்கு மேல் பஸ். விடியுமுன் ஏறினால் இரவில்தான் இறங்குவீர்கள். சொங்கேயாவிலிருந்து இன்னும் 24 கி.மீ. அறைக்கதவைத் திறக்கும்போது மூன்றாம் நாள் ஆகியிருக்கும், உடம்பு சரியாக நான்காம் நாள். பதினாறு நாள் எடுக்க முடிந்தவருக்கு மட்டும் இது ஒரு தேர்வு. மற்றவர்கள் இதைப் பிறகு ஒருமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாள்கணக்கு முடிந்தது. இனி இடங்களின் தன்மை.

யாழ்ப்பாணத்துக்கு நம்மவரிடையே பேசப்படாத ஓர் உறவு உண்டு. தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947-இல் உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாகச் சேர்ந்தது. பெங்களூர் சி.எஸ்.ஐ. தமிழ்ச் சபை உறுப்பினருக்கு வட்டுக்கோட்டை வெளிநாட்டு ஊர்தான், ஆனால் அதே திருச்சபை. உங்கள் ஆயரிடம் வாங்கும் அறிமுகக் கடிதத்துக்கு அங்கே மதிப்பு இருக்கும். அமெரிக்க மிஷன் 1816-இல் வந்து தெல்லிப்பழையில் தொடங்கிய ஊழியம் வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று பரவியது. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவர் பெயரால் மருத்துவமனை இன்றும் அங்கே இருக்கிறது. இந்த ஊர்கள் எல்லாம் சமநிலத்தில், சைக்கிள் தூரத்தில். காலை ஆறு மணிக்கு மானிப்பாயிலிருந்து கிளம்பி உடுவில் வழியாகத் தெல்லிப்பழை போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். பனை ஓரமும் செம்மண் தோட்டமும் பார்த்துக்கொண்டு மிதிப்பது பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் வண்டி ஓட்டி இறுகிய தோளுக்கு நல்ல மருந்து.

தங்க எங்கே? பேராய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது ஒரு வழி. மருதனார்மடத்திலுள்ள கிறிஸ்துசேவா ஆசிரமத்தைக் கேட்பது இன்னொன்று. எளிய அறை, எளிய சாப்பாடு என்ற மனநிலை உள்ளவருக்கு ஆசிரமம் பொருந்தும். குளிர்சாதன வசதியோ சுடுதண்ணீரோ இருக்கும் என்று வைத்துக்கொண்டு போகாமல், கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, கனமானது. குடிக்கப் போத்தல் நீர் வாங்குவது நல்லது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள். வளவுக்குள் நுழைந்த அரை மணியில் ‘எந்த ஊர், யாருடைய பிள்ளை’ என்று ‘கதைக்க’ ஆரம்பிப்பார்கள். பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்) வரும், மாலைக் கூட்டத்துக்கு அழைப்பு வரும், ஞாயிறு சாட்சி சொல்லக் கேட்பார்கள். போரில் இழந்த வீடுகளையும் மனிதர்களையும் பற்றிச் சொல்வார்கள். அதைப் பாதியில் எழுந்து போகும் விதமாகக் கேட்க முடியாது, கூடாது. பேச்சே ஓய்வு என்பவருக்கு இது விருந்து. நாள் முழுக்க மீட்டிங்கில் பேசிக் களைத்தவர், வாரத்தில் இரண்டு நாளாவது மௌன நாள் என்று வந்த அன்றே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மதிப்பார்கள். சொல்லாமல் அறைக்குள் முடங்கினால், உடம்புக்கு என்னவோ என்று பதறிக் கஞ்சியோடு வந்து நிற்பார்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதையொட்டி டிசம்பர் ஜனவரியில் டெங்கு. ஏப்ரலுக்குமேல் புழுக்கமும் காற்றும். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் அறையும் விமானச் சீட்டும் கிடைப்பது கஷ்டம். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் சரியான காலம். ஆன்லைன் பயண அனுமதியைப் புறப்படுமுன் அரசு தளத்திலேயே எடுங்கள். கட்டண விதி அடிக்கடி மாறுகிறது, அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகு தளங்களும் உண்டு.

தான்சேன் நேர்மாறான இடம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,350 மீட்டர், ஏற்காட்டைவிடச் சற்றுத் தாழ்வு, ஆகவே மலை நோய் பற்றிய பயம் வேண்டாம். ஊருக்கு மேலே ஸ்ரீநகர் குன்றில் ஏறினால் தெளிந்த காலையில் தவளகிரியும் அன்னபூர்ணாவும் தெரியும். கீழே மாடி பள்ளத்தாக்கு பனிமூட்டத்தில் ஏரிபோல வெளுத்துக் கிடக்கும். காளி கண்டகிக் கரையில் இருக்கும் ராணி மகாலுக்கு நடந்தே இறங்கலாம், இறங்குவது எளிது, திரும்ப ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். அறுபதைத் தாண்டியவர் திரும்பும் வழிக்கு வண்டி பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நேபாள ஐக்கிய மிஷன் 1954-இல் தொடங்கியது. தான்சேன் மருத்துவமனை அதன் ஆரம்பகால ஊழியங்களில் ஒன்று. இன்றும் சுற்றியுள்ள மலைமாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருக்கும் முழுவேக மருத்துவமனை அது. இந்த இடத்தில்தான் பெங்களூரிலிருந்து போகிறவர்கள் தவறு செய்கிறார்கள். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்த்து ஓய்ந்துபோன நர்ஸும் டாக்டரும்தான் தான்சேனை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். போனால் என்ன? அதே ஸ்ட்ரெச்சர் சத்தம், அதே வராந்தாக் கூட்டம். இரண்டாம் நாளே ‘கொஞ்சம் கை கொடுக்கட்டுமா’ என்று மனம் அரிக்கும். கை கொடுக்கவும் முடியாது: அங்கே நோயாளியைத் தொட நேபாள மருத்துவ கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும், அதற்குத் தனி நடைமுறை, தனிக் காலம். ஓய்வும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நடுவில் நிற்க வேண்டியதுதான். மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவருக்கு, அதாவது கணினி முன்னால் உட்கார்ந்தே காலம் கழிப்பவருக்கும் நடை பிடித்தவருக்கும், தான்சேன் உண்மையிலேயே இதமான இடம்.

ஆவணம் எளிது. இந்தியருக்கு விசா வேண்டாம். விமானத்தில் போகும்போது பாஸ்போர்ட் அல்லது அசல் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் வைத்துக்கொண்டு விமான நிலையம் போகிறவர்கள் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்படலாம். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம், தரகரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போனால் சச்சரவு இருக்காது.

வாரக் கணக்கைக் கவனியுங்கள். நேபாளத்தில் விடுமுறை சனிக்கிழமை, சபை ஆராதனையும் அன்றுதான். சனிக்கிழமை போய் இறங்கினால் விருந்தினர் இல்லத்தில் சாவி தர ஆள் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று, 2015 அரசியலமைப்பே மதமாற்றத்தைத் தடை செய்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறையும், வெளிநாட்டவரானால் நாடு கடத்தலும் உண்டு. துண்டுப் பிரசுரம், வீடு வீடாக ஜெபம் போன்றவற்றைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அதனால் மாட்டிக்கொள்வது உங்களைவிட அந்த மருத்துவமனைதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். புட்வலுக்கும் தான்சேனுக்கும் இடையே சித்தபாபா பகுதியில் மலைச்சரிவு சாலையை மூடும், மணிக்கணக்கில் வண்டி நிற்கும். தசரா சமயத்தில் நேபாளமே ஊருக்குப் போகும், பஸ்ஸில் இடம் கிடைக்காது. தீபாவளிக்குப் பிந்தைய மூன்று வாரமும் மார்ச் மாதமும் சிறந்தவை. டிசம்பர் ஜனவரியில் அறைகளில் வெப்பமூட்டி இருக்காது. பெங்களூர் ஸ்வெட்டர் போதாது, தெர்மல் உள்ளாடையும் கம்பளிக் காலுறையும் வேண்டும்.

பெராமிகோ தனி உலகம். ஜெர்மனியின் செயின்ட் ஒட்டிலியன் பெனடிக்டைன் துறவிகள் 1898-இல் தொடங்கிய தளம் இது. ஜெர்மானிய ஆட்சிக்கு எதிரான 1905 மஜிமஜி எழுச்சியில் எரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்டது. கோயில், மருத்துவமனை, பட்டறைகள், தோட்டம் என்று ஒரு சிறிய ஊரே மடத்தைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. இதே சபைக்குக் கேரளத்தில் குமுளியிலும் ஒரு மடம் இருக்கிறது, அங்கே ஒருமுறை போய்வந்தால் இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று பெரிய செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். பெனடிக்டைன் ஒழுங்கில் விருந்தினரை ஏற்பதும் துறவியின் கடமை. அதனால் மருத்துவமனை எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் உங்களைக் கவனிக்க என்றே ஒருவர் இருப்பார். நாள் முழுக்க மணியடித்து நடக்கும். விடியலில் ஜெபம், பிறகு வேலை, சாப்பாடு, மறுபடி ஜெபம். சாப்பாட்டு மணி தவறினால் அடுத்த மணிவரை காத்திருக்க வேண்டியதுதான், தட்டில் மூடி வைக்கும் வழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மொழி புரியாதது இங்கே வரம். சுவாஹிலியில் சுற்றிலும் பேச்சு ஓடும், காது எதையும் பிடித்துக்கொள்ளாது. யாழ்ப்பாணத்தில் கிடைக்காத மௌனம் இங்கே தானாகக் கிடைக்கிறது. பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகாமோ’ என்று சொல்லுங்கள், ‘மரஹபா’ என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லே பாதி மரியாதையைச் சம்பாதித்துத் தரும். ஆனால் மணி கேட்கும்போது விழிப்பாக இருங்கள். சுவாஹிலியில் மணியைச் சூரியோதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம் முன்னோர் நாழிகை எண்ணியதுபோல. ‘சா மோஜா’, அதாவது ஒன்று என்றால் காலை ஏழு. ‘காலை பன்னிரண்டு’ என்று பஸ் அலுவலகத்தில் சொன்னால் விடிகாலை ஆறு. இதைத் தெரியாமல் மதியம் போய் நின்று, ஆறு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்ட பஸ்ஸுக்குக் காத்திருப்பது புதியவர் வழக்கமாகச் செய்யும் பிழை.

சாப்பாடு சோள மாவில் கிண்டிய உகாலி, பீன்ஸ், கீரை, சில வேளை சோறு. களி தின்று பழகிய வாய்க்கு உகாலி அந்நியமாகத் தோன்றாது, உப்பும் காரமும்தான் குறைவு. கால் கிலோ பருப்புப் பொடியும் ஒரு சிறு ஊறுகாய்ப் புட்டியும் பதினாறு நாளுக்குப் போதும். அவற்றை நம் வழக்கப்படி பிளாஸ்டிக் கைப்பைகளில் சுற்றாதீர்கள். 2019 ஜூன் முதல் தான்சானியாவில் அவை தடை, விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். துணிப்பையும் டப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்தான்சானியாவில் நவம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை உலர்ந்த, குளிர்ந்த காலம், ஜூலை இரவுகளில் போர்வை வேண்டும். விசா ஆன்லைனில், சாதாரண ஒருமுறை நுழைவுக்கு 50 அமெரிக்க டாலர். நியாசா ஏரிவரை போக ஆசை வரும். கரையோரத் தேங்கிய நீரில் குளிக்காதீர்கள், நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி தோலைத் துளைத்து ஏறும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் குழப்பம் அதிகம். பயணத்தில் எத்தியோப்பியாவோ கென்யாவோ வந்தால் இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறி ஏறியவருக்கு விலக்கு தரலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் அது சுகாதார அதிகாரி ஒப்புக்கொண்டால்தான். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தல். ஓய்வுக்குப் போய்த் திரும்பும் வழியில் இதற்கு மாட்டுவானேன்? ஊசி போட்டுப் பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போடுங்கள். இது உயிருள்ள தடுப்பூசி. அறுபது வயதைத் தாண்டி முதல்முறை போடுபவர், முட்டை ஒவ்வாமை உள்ளவர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் முதலில் மருத்துவரிடம் பேசவேண்டும். மும்பையிலிருந்து நேராகத் தார் எஸ் சலாம் போகும் விமானத்தைப் பிடித்தால் இந்த வழிமாற்றத் தொல்லையே வராது. பெரியவர்களோடு போகிறவர் அந்த வழியையே பார்க்கலாம்.

மூன்று இடத்துக்கும் பொதுவானது கடிதம். இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். எத்தனை பேர், வயது என்ன, வரும் நாளும் போகும் நாளும், எந்தச் சபை, சைவமா அசைவமா, மாடி ஏற முடியாதவர் உண்டா, ஊழியம் செய்ய வருகிறீர்களா வெறும் ஓய்வுக்கா, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கடைசிக் கேள்விக்கான பதிலை மழுப்பாதீர்கள். ‘எந்த உதவியும் செய்யத் தயார்’ என்று அடக்கத்துக்கு எழுதும் ஒரு வரியை அங்கே உண்மையாக எடுத்துக்கொண்டு, பள்ளியில் ஆங்கில வகுப்பு ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு என்ன காணிக்கை என்று நேராகக் கேளுங்கள், முதல் நாளே உறையில் கொடுத்துவிடுங்கள். சமையலறை சாமான் முன்கூட்டி வாங்குகிறது, கடைசி நாள்வரை வைத்திருந்தால் அவர்கள் கைக்காசுதான் முடங்கும். மருத்துவமனைக்கு என்று மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் நிரப்பிப் போவதும் வேண்டாம். அனுமதியில்லாத மருந்து சுங்கத்தில் நிற்கும், காலாவதி நெருங்கியவை அவர்களுக்குக் குப்பைச் செலவு.

தேர்வு எப்படி? வயதான அம்மா அப்பாவோடு முதல்முறை போகிறவர் யாழ்ப்பாணம் போகட்டும், பிப்ரவரியில். நடக்கவும் தனியாக மலை பார்த்து உட்காரவும் விரும்பும் கம்ப்யூட்டர்க்காரருக்குத் தான்சேன், நவம்பரில். மருத்துவமனை வேலையில் களைத்தவர் தான்சேனை விட்டுவிட்டு, பதினாறு நாள் சேர்த்துப் பெராமிகோ போவது நல்லது. அவ்வளவு லீவு கிடைக்காவிட்டால் மானிப்பாயில் மௌன நாள் கேட்டுத் தங்கலாம். எதிலும் உறுதியில்லாதவருக்கு வைட்ஃபீல்டு எக்குமெனிக்கல் கிறிஸ்டியன் சென்டரில் இரண்டு நாள் தங்கிப் பார்ப்பது மோசமான யோசனையில்லை. போன் இல்லாமல் இரண்டு நாள் இருக்க முடியாதவருக்குச் சொங்கேயாவில் பத்து நாள் தண்டனையாகிவிடும்.

பெராமிகோ போகிறவர் மலேரியா மாத்திரையை அங்கிருந்து கிளம்பியதும் நிறுத்திவிடக் கூடாது. அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்றால் திரும்பியபின் ஏழு நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பெங்களூர் டாக்டர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். தான்சானியா போய்வந்ததை அவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.